கேட்காமல் எழுதிய சம்மதம்

மான்சிஞ்ஞோர் கோலாரிச் திருமணப் பதிவேட்டைத் திஹோமிர் பக்கமாகத் திருப்பி வைத்து, ஒரு வரியின் அடியில் பென்சில் முனையை ஊன்றினார்.

"வாசி."

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தன் கையெழுத்தை மேஜர் திஹோமிர் வாசித்தார். மணமகன் டாமிர், சார்ஜென்ட். மணமகள் ஆஞ்செல்கா, நர்ஸ். இடம் யாசெனிக் பங்குக் கோயில். நாள் ஜூன் பதினான்கு. மணம் முடித்துவைத்தவர் படையின் ஆன்மகுரு, கேப்டன் திஹோமிர். அப்போது அவர் கேப்டன்தான்.

"நல்லா ஞாபகம் இருக்கு மான்சிஞ்ஞோர். பையனோட சிநேகிதனுங்க வாசல்ல வாளைத் தூக்கி வளைவு பிடிச்சாங்க. அன்னைக்கு நல்ல மழை வேற."

"மழை கிடக்கட்டும். இதை வாசி."

அவர் நீட்டியது படைப்பிரிவின் ஆள் பட்டியல். டாமிரின் பெயருக்கு நேரே, ஒப்பந்தம் முடிந்த நாள் மே முப்பத்தொன்று என்று இருந்தது.

திஹோமிருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது காதுமடல் இரண்டும் சுட்டன.

படையில் இருக்கிறவனுக்கும் அவன் வீட்டாருக்கும் படைக்குரு எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் மணம் முடித்துவைக்கலாம். சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டவன் அவர் ஆள் இல்லை. ஊர்ப் பங்குச்சாமியின் ஆள். அவனுக்குத் திருமணம் மந்திரிக்க அந்தப் பங்குச்சாமியிடம் ஒரு வார்த்தை அனுமதி வாங்கியாக வேண்டும். வாங்காவிட்டால், கோயில் கொள்ளாமல் ஆள் நின்றாலும், மோதிரம் மாற்றினாலும், அழுகையும் சிரிப்புமாகப் படம் எடுத்துக்கொண்டாலும், அது கல்யாணம் ஆகாது. குருமடத்தில் மூன்றாம் வருடத்துப் பாடம் இது. திஹோமிர் அதில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்.

"யாசெனிக் சாமிகிட்ட அனுமதி கேட்டியா?"

"அவர் முன்வரிசையிலதான் உக்காந்திருந்தார். கேட்டிருந்தா தலையாட்டியிருப்பார்."

"கேட்டியா?"

"இல்ல."

"அவரும் போய்ச் சேர்ந்துட்டார். இல்லன்னா இப்பப் போய், 'மனசுக்குள்ள தலையாட்டினீங்களா சாமி'ன்னு கேட்டிருக்கலாம்." மான்சிஞ்ஞோர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் படை ஆயருக்கு அடுத்த நிலையில் இருப்பவர், கர்னல். குருமடத்தில் திஹோமிருக்கு ஆறு வருடம் மூத்தவர். இரண்டு பாசறைகளை ஒன்றாக்குகிறார்கள் என்று பதிவேடுகள் எல்லாம் ஸாக்ரெபுக்கு வந்திருந்தன. அவற்றை ஒவ்வொரு வரியாகப் பார்க்க இந்த ஊரில் அவரைத் தவிர வேறு யாருக்கும் பொறுமை கிடையாது. "மாப்பிள்ளை கோட்டு சூட்டுல வந்திருப்பானே, சீருடை எங்கடான்னு கூடவா உனக்குத் தோணல?"

தோன்றவில்லை. அன்றைக்குத் திஹோமிர் தன் பிரசங்கத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, ஊர் சிரிக்கற அளவுக்கு விட வேண்டாம்" என்றார் மான்சிஞ்ஞோர். "இதுக்கு வழி இருக்கு. ஆயர் ஒரு கையெழுத்து போட்டா வேரிலிருந்தே குணமாயிரும். அந்தப் பன்னெண்டு வருஷமும் முறையான கல்யாணம்தான்னு ஆயிரும். அவங்களுக்குத் தெரியக்கூட வேண்டாம். ரெண்டு பேரோட சம்மதமும் இன்னும் இருக்குன்னு, அவங்களைத் தெரிஞ்ச குரு ஒருத்தர் எழுதித் தரணும். அது நீதான். நாளைக்குச் சாயங்காலம் ஆயர் ரோமுக்குக் கிளம்பறார். மத்தியானத்துக்குள்ள இது என் மேஜைக்கு வரணும். இன்னொரு விஷயத்துல உன் பேரும் அவர் மேஜைமேல இருக்கு, உனக்குத் தெரியும்ல?"

தெரியும். கிழக்கு மண்டலத்துக் குருக்களுக்கெல்லாம் தலைவராகத் திஹோமிரைப் போடப்போகிறார்கள் என்று இரண்டு மாதமாகப் பேச்சு.

படிவத்தை அங்கேயே உட்கார்ந்து நிரப்பினார். 'பிழைக்குக் காரணம்' என்ற கட்டத்தில், 'நிர்வாகத் தகவல் வந்துசேர்வதில் தாமதம்' என்று எழுதினார். 'சம்மதம்' என்ற கட்டத்தில், 'இருவரும் இல்லறத்தில் நிறைவோடு வாழ்கின்றனர். சம்மதம் நீடிக்கிறது' என்று எழுதினார். எழுத்து அழகாக வந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"ஏன், மை தீர்ந்துபோச்சா?"

"ஊருக்குப் போய் ஒருதரம் அவங்களைப் பாத்துட்டு அனுப்பறேன்."

"எதுக்கு? போய்க் கிளறிட்டு வரவா?" என்றார் மான்சிஞ்ஞோர். ஆனாலும் படிவத்தைக் கொடுத்தனுப்பினார்.

யாசெனிக் இருக்கும் ஸ்லாவோனியாவுக்குப் போகும் நெடுஞ்சாலை மூன்று மணி நேரம் வளைவே இல்லாமல் ஓடுகிறது. அந்தச் சாலையில் மனசு நினைப்பதைத் தடுக்க ஒன்றும் இல்லை.

தகவல் தாமதமாகவில்லை. கல்யாணத்தை முதலில் மே பத்தாம் தேதிக்குத்தான் குறித்திருந்தார்கள். அப்போது டாமிர் சார்ஜென்ட்தான். எந்தச் சிக்கலும் வந்திருக்காது. தேதியைத் தள்ளிவைக்கச் சொன்னது திஹோமிர். அந்த மாதம் லூர்து நகருக்கு எல்லா நாட்டுப் படைகளும் யாத்திரை போகும். ஆயருக்குப் பக்கத்தில் தன் நாட்டுக் கொடியைப் பிடிக்கிற வாய்ப்பு அவருக்கு வந்திருந்தது. கிளம்புவதற்கு முன்னால் இரண்டு வாரம் ஒத்திகை. "ஒரு மாசம்தானே, மாதாகிட்ட உங்களுக்காக வேண்டிக்கிட்டு வரேன்" என்று சொல்லி அந்த இரண்டு பேரையும் சம்மதிக்க வைத்தார். கொடியைப் பிடித்தார். படமும் வந்தது. அந்தப் படம் இன்னும் அவர் அலுவலகச் சுவரில் இருக்கிறது.

இதுவாவது அசட்டுத்தனம். அடுத்தது அசட்டுத்தனம் இல்லை.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு பிப்ரவரிக் காலையில் ஆஞ்செல்கா அவர் அலுவலகத்துக்கு வந்தாள். குரு வெளியே சொல்லக் கூடாத பாவசங்கீர்த்தனத்துக்கு இல்லை, மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பேச. கையில் ஒரு பெட்டி. மூன்று வயது லுட்சியா அதன்மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. டப்ளினில் மருத்துவமனை வேலை கிடைத்திருக்கிறது என்றாள். டாமிர் லாரி எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போனால் மூன்று வாரம் கழித்து வருகிறான், வந்தால் தூங்குகிறான், எழுந்தால் தொலைக்காட்சி.

"அடிக்கறதில்ல, திட்டறதில்ல, குடிக்கறதும் இல்ல ஃபாதர்" என்றாள். "வீட்டுக்குள்ள ஒரு லாரி நிக்கற மாதிரி இருக்கு. அவ்வளவுதான். அதோட நான் எத்தனை வருஷம் பேசறது?"

திஹோமிர் அவளைத் திட்டவில்லை. கனிவாகத்தான் பேசினார். கடவுள் முன்னால் போட்ட முடிச்சு என்றார். என் கையாலேயே போட்டது, அதை நான் எப்படி அவிழ்க்கச் சொல்வேன் என்றார். போனால் பூசையில் நற்கருணை வாங்க முடியாமல், ஊரில் தலைநிமிர முடியாமல் போகும் என்றார். ஒரு மணி நேரம் பேசினார். கடைசியில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு எதிர்ப் பக்கமாக நடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்து, அன்று இரவு ஜெபப் புத்தகத்தில் நன்றி என்று எழுதிவைத்தார்.

அவிழ்க்க அங்கே முடிச்சே இருக்கவில்லை.

மறுநாள் காலையில் யாசெனிக் போனார். சந்தோஷமாக இருக்கிறார்களா என்று கண்ணால் பார்த்துவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதை முழுதாக நம்பவும் செய்தார்.

செப்டம்பர் மாதம். தெரு முழுக்கப் புகையும் வெந்த பிளம்ஸ் வாசனையும். ஆஞ்செல்கா முற்றத்தில் செப்புக் கொப்பரையை அடுப்பில் ஏற்றி, ஆள் உயரத் துடுப்பால் ஜாம் கிண்டிக்கொண்டிருந்தாள். சர்க்கரை போடாத ஜாம். எட்டு மணி நேரம் கிண்ட வேண்டும், ஒரு நிமிடம் கையெடுத்தால் அடிபிடித்துவிடும். தலையில் துணி கட்டியிருந்தாள். முழங்கை வரை ஊதா நிறப் புள்ளிகள்.

"வாங்க ஃபாதர்! கை குடுக்க முடியாது, பாத்தீங்கல்ல. இன்னும் அஞ்சு மணி நேரம் நான் இதுக்கு அடிமை. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. லுட்சியா பள்ளிக்கூடம் போயிருக்கா. அவர் விடியக்காலைலதான் ம்யூனிக்ல இருந்து வந்தார், தூங்கறார்."

"நல்லா இருக்கியாம்மா?"

"கொப்பரைக்கு முன்னாடி நிக்கறவகிட்டக் கேக்கற கேள்வியா இது?" சிரித்தாள். "இருக்கேன் ஃபாதர். எல்லாரையும் போல."

இவ்வளவு போதும், கிளம்பிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. படிவம் மேல்சட்டையின் உள்பையில் இருந்தது. எல்லாரையும் போல இருக்கிறேன் என்றாள். அதை நிறைவு என்று எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்? அவர் எழுந்தேவிட்டார். அவள் வேலையில் கண்ணாக இருந்தபடியே சொன்னாள்:

"என்ன ஃபாதர், ஒரு காபிகூடக் குடிக்காம? என்னமோ சொல்ல வந்துட்டு முழுங்கற மாதிரி இருக்கு. யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லம்மா. உன் கல்யாணத்தைப் பத்தி."

அவள் துடுப்பை நிறுத்தவில்லை. அவர் நின்றபடியே சொன்னார். சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தார். ஒப்பந்தம், தேதி, பதிவேடு, பாசறை இணைப்பு. அவள் நடுவில் மறித்தாள்.

"புரியல. என்கிட்டச் சட்டம் பேசாதீங்க. எனக்குக் கல்யாணம் ஆயிருக்கா இல்லையா?"

"அரசாங்கச் சட்டப்படி ஆயிருக்கு. கோயில் கணக்குப்படி ஆகல. தப்பு முழுக்க என்னோடது."

துடுப்பு நின்றது. கொப்பரைக்குள் ஒரு குமிழ் எழுந்து உடைந்து அவள் மணிக்கட்டில் தெறித்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"அப்பன்னா அந்தப் பிப்ரவரி மாசம்..."

"ஆமா."

"நான் பெட்டியோட உங்க முன்னாடி உக்காந்திருந்தப்போ..."

"ஆமாம்மா."

"என்னைக் கட்டிவெச்சிருக்குன்னு சொன்னீங்களே. என் கையால போட்ட முடிச்சுன்னு சொன்னீங்களே ஃபாதர்."

அவள் குரலை உயர்த்தியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. அவள் அவர் கையில் துடுப்பைத் திணித்தாள்.

"கிண்டுங்க. அடிபிடிச்சா நாலு மரத்துப் பழம் வீணாப்போயிரும். கொஞ்ச நேரம் நான் உக்காரணும்."

அவர் கிண்டினார். துடுப்பு நினைத்ததைவிடக் கனம். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் துணிக்குள் இருந்தே பேசினாள்.

"நீங்க சொன்னதாலதான் இருந்தேன். வேற எதுக்காகவும் இல்ல. உங்களுக்கு அது தெரியணும். குழந்தைக்காகன்னு எல்லாரும் நினைச்சாங்க. குழந்தையைக் கூட்டிட்டுத்தான் போறதா இருந்தேன்."

"தெரியும்."

"ஏன் ஒரு மாசம் தள்ளி வெச்சோம் கல்யாணத்தை? எனக்கு மறந்தே போச்சு."

சொல்லாமல் விட்டிருக்கலாம். "நான் லூர்துக்குப் போகணும்னு ஆசைப்பட்டேன். கொடி பிடிக்க."

அவள் துணியை இறக்கி அவரைப் பார்த்தாள். சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது. "கொடி பிடிக்க" என்று திருப்பிச் சொன்னாள்.

பிறகு எழுந்து வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "டாமிர்! எழுந்திரு. ஃபாதர் வந்திருக்கார்." திரும்பி இவரிடம், "அவர்கிட்டயும் நீங்களே சொல்லுங்க. என்கிட்டச் சொன்ன மாதிரி சுத்தி வளைக்க வேண்டாம். அந்தாளுக்குத் தூக்கக் கலக்கம்."

டாமிர் பனியனோடு, கன்னத்தில் தலையணை மடிப்புத் தழும்போடு வந்தான். சீருடையில் ஒரு மேஜர் ஜாம் கிண்டுவதைப் பார்த்துக் கொட்டாவியைப் பாதியில் விழுங்கினான். திஹோமிர் சொன்னார். இந்தத் தடவை நாலு வாக்கியத்தில் முடிந்தது. லூர்தையும் சேர்த்துச் சொன்னார். ஆயர் கையெழுத்துப் போட்டால் சரியாகிவிடும், அதற்கு இருவர் சம்மதமும் வேண்டும் என்பதையும் சொன்னார்.

டாமிர் படியில் உட்கார்ந்து கன்னத்துத் தழும்பைத் தேய்த்தான். கடைசியில் மனைவியைப் பார்த்து, "ஆஞ்சா, அந்தப் பெட்டி விஷயம் எனக்குத் தெரியும்" என்றான்.

"எப்படித் தெரியும்? நான் சொன்னதே இல்லையே."

டாமிர் திஹோமிரைப் பார்த்தான்.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. அதுவரை சுத்தமாக மறந்துபோயிருந்தார். அந்தப் பிப்ரவரி மாதமே, பழைய வீரர்கள் கூடுகை ஒன்றில், அவித்த சோசேஜும் பியருமாக நின்றிருந்த டாமிரை ஓரமாக அழைத்து, தோளில் தட்டிச் சொல்லியிருந்தார்: உன் பெஞ்சாதி பெட்டி தூக்கிட்டு வந்தா, நான் பேசி அனுப்பிட்டேன், கவலைப்படாதே, எங்கயும் போகமாட்டா. பழைய சிப்பாய்க்கு ஒரு அதிகாரி செய்கிற உதவி மாதிரி. அதைச் சொன்னபோது பெருமையாகவே இருந்தது.

"நீங்க சொன்னீங்களா?" என்றாள் ஆஞ்செல்கா.

"சொன்னேன்."

"பாவசங்கீர்த்தனத்துல சொல்லியிருந்தா வெளிய போயிருக்காதுல்ல. மேஜைல உக்காந்து சொன்னேன் பாருங்க, என் புத்தி."

திஹோமிர் கொப்பரையைப் பார்த்தபடி கிண்டினார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நாற்பத்தெட்டு வயதில், இருபது வருடக் குருத்துவத்தில், எத்தனையோ பேர் தலைகுனிந்து அவர் முன்னால் நின்றிருக்கிறார்கள். அப்படி நிற்பதற்குக் கழுத்து இவ்வளவு வலிக்கும் என்று அவருக்குத் தெரியாது.

டாமிர் இப்போது மெதுவாகப் பேசினான். "அன்னைக்கு வீட்டுக்கு வந்தேன் ஆஞ்சா. உன்கிட்டக் கேக்கணும்னுதான் வந்தேன். நீ ஏன் போக நினைச்சன்னு. அப்புறம் தோணுச்சு, எதுக்குக் கேக்கணும், அதான் ஃபாதர் சொல்லிட்டாரே, எங்கயும் போகமாட்டான்னு. கேட்டா நீ எதாச்சும் சொல்லுவ. சொன்னா நான் எதாச்சும் செய்யணும். கேக்காமலே படுத்துட்டேன்."

"ஏழு வருஷம்."

"ஏழு வருஷம்" என்று அவனும் சொன்னான். "இப்பக் கேக்கறேன்."

"என்ன கேக்கற?"

"எல்லாத்தையும்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திஹோமிரிடம், "கையை நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்துப் பக்கம் நடந்தாள். டாமிர் செருப்புக்கூடப் போடாமல் பின்னால் போனான்.

திஹோமிர் தனியாகக் கிண்டினார். சட்டைக் கைகளிலும் மார்புப் பட்டைகளிலும் ஊதாப் புள்ளிகள் தெறித்தன. மேல்சட்டையைக் கழற்றலாம் என்றால் துடுப்பை விட முடியாது. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பேரோ வந்து எட்டிப் பார்த்தான். அவனும் ஒரு காலத்தில் அதே படைப்பிரிவில் சமையல்காரன்.

"அடடே, மேஜர் ஃபாதர்! என்ன, என் வேலைக்கு மாத்திட்டாங்களா உங்களை?"

"ஆமா பேரோ."

"அடியில இருந்து வழிச்சுக் கிண்டுங்க, மேலாகத் தடவாதீங்க. பிரசங்கமா இது?"

அவன் போன பிறகு கைபேசி அடித்தது. ஒரு கையால் துடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார்.

"எங்கய்யா போன?" என்றார் மான்சிஞ்ஞோர். "பதினொண்ணரை ஆச்சு. படிவத்தைப் படம் பிடிச்சு அனுப்பு, போதும். அசல் அப்புறம் வரட்டும்."

"அனுப்ப முடியாது மான்சிஞ்ஞோர்."

"அந்த ஊர்ல சிக்னல் இல்லையா?"

"சம்மதம் இருக்குன்னு என்னால எழுத முடியாது. கேட்டேன். இன்னும் பேசிக்கிட்டிருக்காங்க."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. "கேட்டியா? யாரு கேக்கச் சொன்னா உன்னை? டேய் திஹோ, கேக்க வேண்டாம்னுதானே இப்படி ஒரு வழியே வெச்சிருக்கு!"

"இன்னொண்ணு. காரணம்னு எழுதியிருந்தேன்ல, தகவல் தாமதம்னு. அது பொய். லூர்துல கொடி பிடிக்கத் தேதியை மாத்தினேன். அதுக்கு மேல ஒண்ணு இருக்கு. அந்தப் பொண்ணு என்னை நம்பிச் சொன்னதை அவ புருஷன்கிட்டச் சொல்லியிருக்கேன். ஆயர்கிட்ட இதெல்லாம் நானே வந்து சொல்றேன். மண்டலத் தலைவர் பேச்சை நிறுத்திருங்க."

மான்சிஞ்ஞோரின் குரலில் இப்போது அந்தக் கேலி இல்லை. "அது என்ன சத்தம்? என்னவோ கொதிக்குது?"

"ஜாம்."

"ஜாமா?"

"கையெடுத்தா அடிபிடிச்சிரும்."

"சரி" என்றார் மான்சிஞ்ஞோர் களைப்பாக. "கிண்டு. ஆயர்கிட்ட நான் இப்ப என்னத்தைச் சொல்ல? வேண்டாம், நீயே சொல்லு. ரோமுல இருந்து வரட்டும்." கொஞ்சம் தயங்கி, "திஹோ, என் பழைய பதிவேட்டையும் ஒருதரம் எடுத்துப் பாக்கணும்போல இருக்கு. இருபத்தஞ்சு வருஷமா நான் யாருகிட்டயும் ஒப்பந்தத் தேதி கேட்டதே இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். தோள்பட்டை இரண்டும் கழன்றுவிடும்போல இருந்தபோது, தோட்டத்துப் பக்கமிருந்து டாமிர் மட்டும் வந்தான். கண் சிவந்திருந்தது. கால் விரல்களில் மண். அவர் கையிலிருந்து துடுப்பை வாங்கிக்கொண்டு, அடியிலிருந்து வழித்துக் கிண்டத் தொடங்கினான்.

"ஆஞ்சா அவ அக்கா வீட்டுக்குப் போறா. அடுத்த தெருதான். லுட்சியாவையும் கூட்டிட்டுப் போறா."

"டாமிர், என்னாலதான்..."

"முழுக்கக் கேளுங்க ஃபாதர். தினமும் சாயங்காலம் நான் அங்க வரலாம்னு சொல்லிருக்கா. பொண்ணு பாக்க வர்றவன் மாதிரி. வாசல்ல உக்காந்து பேசணுமாம். ஜெர்மனி லாரி வேண்டாம், உள்ளூர்ல எதாச்சும் பாருன்னா. நான் என்ன பேசறதுன்னு கேட்டேன். 'அதைக்கூட நான் சொல்லித் தரணுமா'ன்னு கேட்டா." அவன் முகத்தில் கூச்சம் ஒன்று வந்து போனது, முப்பத்தெட்டு வயது ஆளின் முகத்தில் அது விநோதமாக இருந்தது. "வசந்த காலம் வரைக்கும் பாப்பாளாம். பிடிச்சா கட்டிக்குவாளாம். பிடிக்கலன்னா டப்ளினாம்."

"ஆயர் கையெழுத்து?"

"வேண்டாம்னு சொல்லச் சொன்னா. கட்டிக்கிட்டா புதுசாக் கட்டிக்கறாளாம், கோயில்ல, வாயால சொல்லி. இங்க இருக்கற பங்குச்சாமிதான் நடத்தணுமாம்." துடுப்பைப் பார்த்தபடி, "நீங்க வரவேண்டாம்னு சொன்னா ஃபாதர். கோயிலுக்குள்ளயே. தப்பா எடுத்துக்காதீங்க" என்றான்.

"எடுத்துக்கல."

ஆஞ்செல்கா வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். ஒரு கையில் துணிமூட்டை, இன்னொரு கையில் லுட்சியாவின் வீட்டுச் செருப்பு. மூட்டையைப் படியில் வைத்துவிட்டுத் திஹோமிரை நேராகப் பார்த்தாள். அவர் பார்வையைத் தாழ்த்தாமல் இருக்க முயன்றார்; முடியவில்லை.

"மன்னிச்சுக்கோம்மா."

"பாக்கலாம் ஃபாதர்" என்றாள். "அதுக்கும் எனக்கு டைம் வேணும். கேட்டீங்களே, அதுவரைக்கும் நல்லது. கையெழுத்துப் போட்டுட்டுப் பேசாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"தெரிஞ்சிருக்காது."

"ஆனா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, டாமிர் பக்கம் திரும்பி, "சூடு குறை, கெட்டியாகுது பாரு" என்றாள்.

திஹோமிர் படலைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்தார். இந்த ஊர்ப்பக்கம் ஒரு குருவை வெறுங்கையோடு அனுப்பும் வீடு கிடையாது. அரை டஜன் முட்டையாவது, ஒரு பாட்டில் பிளம்ஸ் சாராயமாவது, எதுவும் இல்லாவிட்டால் தோட்டத்து வெங்காயமாவது காகிதத்தில் சுற்றிக் காருக்குள் வைத்துவிடுவார்கள். வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். அவர் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், கொஞ்சம் நின்றார். பிறகு அப்படி நின்றதற்கும் சேர்த்து வெட்கப்பட்டு, உள்ளே ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தினார்.